வாகரை, நாற்பத்தெட்டாம் கிழமை

கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
இரண்டாம் மாடியில் என் மேசை.
நுளம்புக் குடம்பி எண்ணும் பிரிவு.
எண்ணுவது நானல்ல,
எண்ணியவர்கள் எழுதியதைக் கூட்டுகிறவள்.

பதினான்கு சுகாதாரப் பிரிவு.
ஐம்பத்திரண்டு கிழமை.
தண்ணீர் நிற்கும் ஆறு வகை இடம்:
டயர், சிரட்டை, பூச்சாடி, கிணறு, தாங்கி,
ஆறாவது ‘வேறு’,
அதற்குள் யாரோ கழற்றிப்போட்ட ஹெல்மெட்டும் உண்டு.
வருடத்துக்கு ஓர் அணி, பதினோரு வருடம்.
இந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்று
கொழும்பில் கேட்டார்கள்.
ஒவ்வொன்றையும் ஆயிரம் தடவை குலுக்கி எடுத்தேன்.
பதினோராயிரம் அணிகள்,
சாக்கில் கட்டிய வாவி நண்டுகளாய்
ஒன்றின்மேல் ஒன்று.

முதலிரவு லூப் எழுதினேன்.
ஒன்றை எடு, பட்டியலின் வாலில் ஒட்டு,
அடுத்ததை எடு.
ஒட்டும் ஒவ்வொரு தடவையும்
முழுப் பட்டியலையும் புதிதாய் நகலெடுத்தது லெப்டொப்,
வந்த விருந்தாளிக்குப் பாய் விரிக்க
வீட்டையே இடித்துக் கட்டுகிறவனைப்போல.
விடிய நாலு மணிக்குக் கரண்ட் போனது.
பற்றரி செத்து ஒரு வருடம்.
மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டில்
திரை கறுத்தது.

முஷர்ரபா ஏறாவூர் பஸ்ஸில் நின்றபடி வந்தவள்,
கைப்பையை இறக்காமலே பார்த்துவிட்டுச் சொன்னாள்:
“எத்தன பேர் வருவாங்க எண்டு தெரியும்தானே,
முதல்லயே இடத்தப் பிடி.”

தெரியும்தான்.
நாலு கோடியே எண்பது லட்சம் கதிரைகள்,
வெறுமையாய்.
பிறகு ஒவ்வோர் எண்ணையும் அதனதன் இடத்தில் இருத்தினேன்.
உள்ளே எல்லாம் ஒரே வரிசைதான்,
ஒன்றின் முதுகைப் பார்த்தபடி மற்றது.
பரிமாணம் என்பது
அந்த வரிசையின் நெற்றியில் எழுதிய ஐந்து எண்.
நெற்றியை மாற்றி எழுதினால்
அதே ஆட்கள் வேறு ஊராய் நிற்பார்கள்.

கிழமைவாரியாகக் கூட்டு என்றேன்.
பால்தேத்தண்ணியில் ஆடை கட்டுமுன்
பதில் வந்துவிட்டது.
சிரித்தோம்.

சிரிப்பு ஒரு வரியில் நின்றது.
போன வருடம், வாகரை,
நாற்பத்தெட்டு முதல் ஐம்பத்தொன்று வரை
ஆறு இடத்திலும் பூச்சியம்.
ஆயிரம் தடவை குலுக்கியும் பூச்சியம்.
அதை மட்டும் வெட்டி எடுத்தேன்.
ஒரே ஒரு பிரிவுதானே என்று
அந்தப் பக்கத்தையே உதிர்த்துவிட்டது நிரல்.
எண்கள் இருந்தன, ஊரின் பெயர் இல்லை.
தனித்து வருவதை உதிர்க்காதே என்று
தனியாக எழுத வேண்டும் அதற்கு.
எழுதினேன். பெயரோடு திரும்பியது வாகரை.

தவநேசனுக்குப் போன் எடுத்தேன்.
“நாலு கிழமையும் ஒரு குடம்பிகூட இல்லையா?”
மோட்டார் சைக்கிளை நிறுத்தும் சத்தம்.
“மிஸ், ரோட்டுக்கு மேலால தண்ணி போனது.
நான் போகவே இல்ல.
கட்டத்த வெறுமையா விட்டா
படிவத்தத் திருப்பி அனுப்புவாங்க.
அதான் பூச்சியம் போட்டன்.”

இருபத்து நான்கு பூச்சியங்கள்.
ஒவ்வொன்றாய் அழித்து
‘தெரியாது’ என்று வைத்தேன்.
மறுபடி குலுக்கினேன், கூட்டினேன்.
வாகரையின் மொத்தம்: தெரியாது.
மாவட்டத்தின் மொத்தம்: தெரியாது.
பதினோரு வருடம்: தெரியாது.
தொட்ட கூட்டுத்தொகைக்கெல்லாம் தொற்றியது,
டெங்குவைவிட வேகமாய்.

தெரியாததை விட்டுவிட்டுக் கூட்டு என்பதற்கும்
ஒரு கட்டளை உண்டு. சின்னது.
அரை வரி வராது.
நாளை மதியம் கொழும்புக்கு அனுப்ப வேண்டும்.
ஐந்து மணி பஸ்ஸுக்கு எழுந்த முஷர்ரபா
கதவடியில் நின்று கேட்டாள்:
“போடப் போறியா?”

போட்டேன்.
அட்டவணைக்குக் கீழே, ஆகச் சிறிய எழுத்தில்,
நாலு கிழமை வாகரைக்கு யாரும் போகவில்லை
என்றும் எழுதினேன்.
அந்த வரியை எந்த அணியிலும் வைக்க இடமில்லை.

இரவு ஒன்பதரைக்குத் தவநேசனின் குறுஞ்செய்தி:
மிஸ், இப்ப போய்ப் பார்த்தா
சரிவருமா?